ஆணையும் உறுதியும்

2014இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், கிரீச் விமானப்படைத் தளத்து வீரர் ஒருவர் பணிக்காலத்தை நீட்டிக்க விண்ணப்பித்தார். உறுதிமொழியின் கடைசி வரியான 'கடவுள் எனக்குத் துணை நிற்பாராக' என்பதை மட்டும் ஏற்க மறுத்தார், அவர் நாத்திகர். அந்த வரி இல்லாமல் பணியில் தொடர முடியாது என்று விமானப்படை சொல்லிவிட்டது. அந்த வரிக்கு ஆதரவாகப் பேசியவர்கள் மரபைத்தான் முதலில் எடுத்து வைத்தார்கள். ஆனால் மரபு அவர்கள் பக்கம் இல்லை. 1789இல் வாஷிங்டன் கையெழுத்திட்ட முதல் சட்டமே அரசுப் பதவிகளுக்கான உறுதிமொழி பற்றியது. வரைவில் இருந்த கடவுள் பெயர், அது சட்டமானபோது நீங்கிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் படைவீரர்களுக்கென வகுத்த வாசகத்திலும் கடவுள் இல்லை. 'ஆணையிடுகிறேன் அல்லது உறுதி கூறுகிறேன்' என்று இரு வழிகள் மட்டும் இருந்தன.

அந்த இரண்டாவது வழி நாத்திகருக்காகத் திறந்ததன்று. ஆணையிடவே கூடாது என்ற ஏசுவின் சொல்லை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்த குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினருக்காக இங்கிலாந்து நாடாளுமன்றம் 1696இல் இயற்றிய சட்டத்தில் அதன் வேரைக் காணலாம். ஆழ்ந்த பக்தர்களின் மனச்சான்றுக்கு விட்ட இடம் அது. பின்னாளில் சேர்ந்த வரி இந்த இடத்தைத்தான் அடைத்தது. உள்நாட்டுப் போரின் நடுவே, 1862இல், அதிகாரிகளின் உறுதிமொழியில் அது நுழைந்தது. சாதாரண வீரர்களின் வாசகத்தில் 1962 வரை இல்லை. பணத்தாளிலும் கொடி வணக்கத்திலும் கடவுளைப் பொறித்து, சோவியத் நாத்திகத்திடமிருந்து தன்னை வேறுபடுத்திக்காட்ட அமெரிக்கா முனைந்த பனிப்போர்க் காலம் அது. தொடக்கத்தில் 'உறுதி கூறுகிறேன்' என்று சொல்ல விட்டுவிட்டு முடிவில் கடவுளைத் துணைக்கு அழைக்கச் சொல்வது, முன்வாசலைத் திறந்துவைத்துப் பின்கட்டில் பூட்டுப் போடுவதுதான்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கடவுளை நம்பாதவனை வாக்குறுதியோ ஒப்பந்தமோ கட்டுப்படுத்தாது என்று 1689இல் ஜான் லாக் எழுதினார். சகிப்புத்தன்மைக்காக வாதிட்டவரே இப்படி எழுதியதால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்த வாதத்தின்படியே பார்த்தாலும், அந்த வரி நம்பாதவனைக் கட்டாது. பொய் சொல்லத் தயங்காதவனை உள்ளே விட்டு, தயங்குகிறவனை மட்டும் வெளியே நிறுத்தும். இங்கிலாந்தின் நாத்திகர் சார்லஸ் பிராட்லாவுக்கு நேர்ந்தது இதுவே. இளமையில் குதிரைப்படை வீரராக இருந்த அவர், 1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் வென்று, ஆணைக்குப் பதில் உறுதி கூற அனுமதி கேட்டார். அதை மறுத்த நாடாளுமன்றம், பிறகு அவர் ஆணையிட முன்வந்தபோது நாத்திகரின் ஆணை செல்லாது என்றது. மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு 1886இல்தான் அவரால் அமர முடிந்தது. 1888இல் உறுதிமொழிச் சட்டம் வந்தது. சென்னையில் 'தத்துவவிவேசினி' இதழை நடத்திய சுயசிந்தனையாளர்கள் அவரை வழிகாட்டியாகக் கொண்டிருந்தார்கள். 1967இல் அண்ணாவின் அமைச்சரவை உளமார உறுதி கூறிப் பதவியேற்றதற்குப் பின்னால் இப்படியொரு நெடிய வரலாறு இருக்கிறது.

ஒரு வரிதானே, சம்பிரதாயத்துக்குச் சொன்னால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. சம்பிரதாயம்தான் என்றால் அதற்காக ஒருவரின் வேலையைப் பறிக்கத் தேவையில்லை. அர்த்தமுள்ளது என்றால் நம்பாதவர் வாயில் அதைத் திணிப்பது நம்புகிறவருக்கே இழுக்கு. வீரர்கள் ஆளுக்கொரு வாசகம் சொன்னால் படையின் ஒற்றுமை குலையும் என்ற அச்சத்துக்கு இந்திய ராணுவத்தில் பதில் கிடைக்கிறது. 1954 ராணுவ விதிகள் தரும் படிவத்தில் கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். உயிருக்கே ஆபத்து நேர்ந்தாலும் கட்டளைக்குக் கீழ்ப்படிவேன் என்ற கடமை இருவருக்கும் ஒன்றுதான். அதை மீறினால் தண்டிப்பது ராணுவச் சட்டம். அந்தச் சட்டம் நம்பிக்கையைப் பார்ப்பதில்லை.

கிரீச் வீரரின் சிக்கல் 2014 செப்டம்பரில் தீர்ந்தது. பாதுகாப்புத் துறையின் சட்ட ஆலோசனைக்குப் பின், விரும்பாதவர் அந்த வரியை விட்டுவிடலாம் என்று விமானப்படை அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், இதே சலுகையைத் தன் விதிப்புத்தகத்திலிருந்து அது நீக்கியிருந்தது. மாறியது நடைமுறைதான். வீரர்களின் உறுதிமொழியை வகுக்கும் 502ஆம் சட்டப்பிரிவில், 1962இல் சேர்த்த வரிக்குப் பக்கத்தில் 'விரும்பினால்' என்ற ஒரு சொல்லை அமெரிக்க நாடாளுமன்றம் இன்னும் எழுதவில்லை.