திருவரங்கத்து ஆரோக்கியசாலை

திருவரங்கம் பெரிய கோயிலில் தன்வந்திரி சந்நிதி இருப்பதைப் பலர் அறிவர். அங்கே ஓர் ஆரோக்கியசாலை நடந்ததைச் சிலரே அறிவர். ஹொய்சளர் காலத்தில் தோன்றிய அதனைக் கருடவாகன பட்டர் புதுப்பித்த செய்தியை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. நாவற்பழமும் தயிரன்னமும் அமுது செய்த அரங்கனுக்கு இராமானுசர் கஷாயம் சமர்ப்பிக்கச் செய்தார் என்பது கோயிலொழுகு தரும் செய்தி.

இதனை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் மேனாட்டு வரலாற்றையும் சேர்த்தே சொல்வேன். 1836இல் ஜெர்மானியரான தியோடர் ஷ்வான் இரைப்பை நீரில் பெப்சின் என்னும் நொதியைக் கண்டார். 1894இல் டக்காமினே என்னும் ஜப்பானியர், மாவுப்பொருளைச் செரிக்கும் டயாஸ்டேஸைப் பூஞ்சையிலிருந்து எடுக்கும் முறைக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார்.

கஷாயமும் நொதி மருந்தும் ஒன்றல்ல. கஷாயம் பசியைத் தூண்டும் என்பர் நம் வைத்தியர். நொதியோ உணவையே சிதைப்பது. கணையம் பழுதுற்றோர்க்குக் கணைய நொதியை உணவோடு தருகின்றனர். இரைப்பை அமிலம் அதனை அழிக்காதவாறு மேற்பூச்சும் இடுகின்றனர். அம்மருந்தின்றேல் உண்டது உடலிற் சேராது, அவர்கள் மெலிவர். விருந்துண்டு வயிறு கனத்தவர்க்கோ அது பெரும்பாலும் வேண்டுவதில்லை; அளவறிந்து உண்டாலே போதும்.

ஆதலின், கடையில் நாமே கேட்டு வாங்காது மருத்துவரைக் கேட்டு உண்போமாக. திருவரங்கம் செல்லும்போது தன்வந்திரி சந்நிதியின் முன் சற்றே நின்று அந்த ஆரோக்கியசாலையை நினையுங்கள்.