கலி எங்கே இருக்கிறது?



நளவெண்பாவைப் பற்றி இந்நிகழ்ச்சியில் நான் பேசிய பின்னர் நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அதில் இரண்டு கேள்விகள். நளனைப் பிடித்த கலியும் நாம் வாழும் கலியுகமும் ஒன்றா என்பது முதலாவது. அப்படியானால், இந்தத் தலைமுறை கண்ட கொடுமைகளுக்கெல்லாம் காலந்தான் காரணம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாமா என்றும் அதனோடு சேர்த்துக் கேட்டிருந்தார். மற்றது சனிமாற்றம் பற்றியது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதற் கேள்வியைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது. 1983 தொடக்கம் 2009 வரை இந்த நாட்டில் வீடிழந்தவர்களும் பிள்ளைகளைத் தொலைத்தவர்களும் “கலி முத்திப் போச்சு” என்று சொல்லி அழுததை நாம் கேட்டிருக்கிறோம். அந்தச் சொல் அவர்களுக்கு ஒரு பிடிமானம். ஆனால் அதே சொல்லை, செய்யத் தகாததைச் செய்தவனும் சொன்னான். பார்த்துக்கொண்டு நின்றவனும் சொன்னான். வகுப்பில் ஒருமுறை உயர்தர மாணவன் ஒருவன், “சேர், கலியுகத்தில பிறந்தவன் கலியுகத்தின்ர குணத்தோடதானே இருப்பான்? பிறகு அவனில என்ன பிழை?” என்று கேட்டான். தருக்கமாகப் பார்த்தால் பையன் கேட்டது சரி. ஆகவே கலியுகம் என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது அவசியமாகிறது.

கிருதம், திரேதம், துவாபரம், கலி ஆகிய நான்கும் முதலிற் காலத்தின் பெயர்களல்ல. வேதகாலத்துச் சூதாட்டத்தில் விழும் எறிவுகளின் பெயர்கள் அவை. நான்கு விழுந்தால் கிருதம். ஒன்று விழுந்தால் கலி, அதாவது தோற்கும் எறிவு. நளன் கதையிற் கலி சூதாட்டத்தின் வழியாகவே வேலை செய்வதை நினைத்துப் பார்த்தால் இதன் பொருத்தம் விளங்கும்.

பின்னர் வந்த மனுநூலும் மகாபாரதமும் இந்நான்கையும் யுகங்களாக்கி ஆண்டுக்கணக்குக் கொடுத்தன. சந்திக் காலங்களையும் சேர்த்துக் கிருதம் 4,800, திரேதம் 3,600, துவாபரம் 2,400, கலி 1,200, ஆக 12,000. இவை தேவ ஆண்டுகள் என்றும், தேவர்களின் ஓராண்டு மனிதர்க்கு 360 ஆண்டு என்றும் புராணங்கள் பெருக்கின. அப்படித்தான் கலிக்கு 432,000 ஆண்டுகள் வந்தன. கலி பிறந்தது கி.மு. 3102 பெப்ரவரியில் என்பது சோதிட நூலார் கணக்கு. அதன்படி இதுவரை சென்றவை 5,100 சொச்சம். இன்னும் கிடப்பவை 426,000க்கு மேல். தேறுதலுக்கு இடமே வைக்காத எண் இது.

கி.மு. 3102 என்ற ஆண்டை நாம் முதலில் நிச்சயமாகக் காண்பது ஆரியபடரிடம். கலியில் அறுபது தரம் அறுபது, அதாவது 3,600 ஆண்டு கழிந்தபோது தமக்கு வயது 23 என்கிறார். அது கி.பி. 499. கல்வெட்டிலே தேடினால், இரவிகீர்த்தி பாடிய ஐகொளெக் கல்வெட்டு கி.பி. 634இல் பாரதப் போருக்குப் பின் 3,735 ஆண்டு என்று எண்ணுகிறது. கிரகங்கள் யாவும் ஓரிடத்தில் நின்ற நேரத்தைக் கலியின் தொடக்கமாகக் கொண்டு வானநூலார் பின்னோக்கிக் கணித்த தேதி இது என்பதே வரலாற்றாசிரியர்களின் பொதுக் கருத்து. இன்றைய கணிதப்படி அன்று கிரகங்கள் அப்படி ஒன்றுசேர்ந்து நிற்கவில்லை. ஆரியபடர் யுகங்கள் நான்கையும் சம அளவினவாகப் பிரித்தார் என்பதும், பிரமகுப்தர் 628இல் அதைக் கண்டித்தார் என்பதும் நாம் கவனிக்க வேண்டியவை. பெரியவர்களிடையே அன்றும் இதில் ஒருமை இருக்கவில்லை.

இனி வங்காளத்துக்குச் செல்வோம். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையில் சேராம்பூர் இருக்கிறது. 1845 வரை தேனியர் வசமிருந்த ஊர். வில்லியம் கேரியின் கிறித்தவ மிசன் தொழிற்பட்ட இடமுமாகும். அங்கே 1855இல் பிரியநாத் கரார் என்ற பெயரோடு பிறந்தவரே சுவாமி ஸ்ரீ யுக்தேஸ்வரர். காசியில் வாழ்ந்த லாகிரி மகாசயரின் சீடர். ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ எழுதிய பரமஹம்ச யோகானந்தரின் குரு. 1894 ஜனவரியில் அலகாபாத் கும்பமேளாவிற் பாபாஜி இட்ட பணியை ஏற்று, இந்து நூல்களும் விவிலியமும் அடிப்படையில் ஒன்றுபடுவதைக் காட்டும் சிறிய நூலொன்றை அவர் இயற்றினார் என யோகானந்தர் எழுதுகிறார். ‘கைவல்ய தரிசனம்’ என்பது அதன் பெயர். சூத்திரங்கள் வடமொழியில் அமைந்தவை. அதன் முன்னுரையிலே பஞ்சாங்கக்காரர்கள் எல்லாரும் பிழை என்று ஒரு போடு போட்டார் சுவாமி.

அவர் கணக்கு இது. நமது சித்திரைப் புத்தாண்டு ஏப்ரில் 14 அளவில் வருகிறது. ஆனால் இரவும் பகலும் சமமாகும் நாள் மார்ச் 21 அளவிலேயே போய்விடுகிறது. ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. ஓய்ந்து சுழலும் பம்பரத்தின் தலையைப்போலப் பூமியின் அச்சு மெல்ல வட்டமிடுவதால் இந்த இடைவெளி விழுகிறது. இதையே அயனாம்சம் என்கிறோம். 1894இல் அது 20 பாகை 54 கலை 36 விகலை என்று எடுத்துக்கொண்டார் சுவாமி. விகலையாக்கினால் 75,276. ஆண்டுக்கு 54 விகலை வீதம் வகுத்தால் 1,394 ஆண்டு. 1894இலிருந்து அதைக் கழித்தால் கி.பி. 500, அதாவது ஆரியபடரின் கி.பி. 499க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறோம்! கடதாசியில் இதை நானே போட்டுப் பார்த்தேன். வகுத்தலில் மீதி ஏதும் இல்லாமல் வருகிறது.

முழு வட்டத்துக்கும் 54 விகலை வீதம் 24,000 ஆண்டு. அதிற் பாதி இறங்குமுகம், பாதி ஏறுமுகம். 12,000 ஆண்டு இறங்கி, கி.மு. 701இல் கலிக்குள் நுழைந்து, கி.பி. 499இல் அடிமட்டத்தைத் தொட்டோம். பின்னர் ஏறும் கலி 1,200 ஆண்டு நடந்து 1699இல் முடிந்தது. 1894 என்பது ஏறும் துவாபரத்தின் 194ஆம் ஆண்டு. இதுவே அவர் முடிவு. பெருக்கவே வேண்டியதில்லை, மனுநூல் சொன்ன ஆண்டுகள் மனித ஆண்டுகளே என்றார். அப்படியானால் பிழை எப்படி நேர்ந்தது? தருமபுத்திரர் அறிஞர்களோடு இமயம் சென்றபின், பரீட்சித்தின் அவையில் யுகக்கணக்குத் தெரிந்தவர் எஞ்சவில்லையாம். இருண்ட யுகம் பிறந்தது என்று அறிவிக்க எவருக்கும் மனம் வரவில்லையாம். எனவே துவாபரத்தின் 2,400ஐ அடுத்து 2,401 என்றே எண்ணிக்கொண்டு போனார்கள். 1,200 ஆண்டுகள் மட்டுமே கொண்ட கலிக்கு 3,600 கடந்துவிட்டதே என்று பிற்காலத்தவர் திகைத்தபோது, இவை தேவ ஆண்டுகள் என்று ஒரு சமாதானம் தேடிக்கொண்டார்கள் என்கிறார்.

கெட்ட செய்தியைச் சொல்ல அஞ்சிய அரசவையால் வந்த பிழை என்பது கேட்க நயமான விளக்கம். ஆனாலும் அதற்குச் சான்று கிடையாது. அவர் கொண்ட 54 விகலை சூரிய சித்தாந்தத்தில் உள்ள எண். இன்றைய அளவீடு ஆண்டுக்கு 50.3 விகலை அளவாக, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 25,800 ஆண்டு தருகிறது. சூரியன் வேறொரு விண்மீனோடு சோடியாகச் சுழல்வதே இந்த அசைவுக்குக் காரணம் என்ற அவர் கருத்தையும் வானியலார் ஏற்பதில்லை. மேலும், 499 என்ற தொடக்கமே எல்லாருக்கும் உடன்பாடானதல்ல. மேகநாத் சாகா தலைமையில் இந்திய அரசு 1952இல் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு கொண்ட அயனாம்சப்படி, அது பூச்சியமாக இருந்த ஆண்டு கி.பி. 285. யுகத்தின் எல்லைக்கல் இருநூறு ஆண்டு நகர்ந்துவிடுகிறது.

ஏறுமுகத்துக்கு அவர் காட்டிய அத்தாட்சிகளும் பெரும்பாலும் ஐரோப்பிய விஞ்ஞானமே: கெப்ளர், கலிலியோ, நியூட்டன், நீராவி, மின்சாரம். சேராம்பூரில் மிசன் கல்வியும் பெற்ற ஒருவர் 1894இல் அப்படி எண்ணியது இயல்பே. அவர் மறைந்தது 1936 மார்ச்சில், பூரியில். அதன் பின்னர் 1943இல் அவருடைய வங்காளத்திலேயே ஏறக்குறைய முப்பது இலட்சம் பேர் பஞ்சத்தாலும் நோயாலும் மடிந்தார்கள். 1945இல் அணுவின் நுட்பம் ஹிரோஷிமாவில் வெளிப்பட்டது. நுண்பொருளறிவு வளரும் என்று அவர் சொன்னது பலித்தது. அறம் கூடவே வளரவில்லை. மறுபுறம் பாருங்கள். அவருடைய கடிகாரத்தில் நள்ளிரவான 499இலே ஓர் இளைஞர் இருந்துகொண்டு பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று எழுதுகிறார். காரைக்காலம்மையாரும் அப்பரும் சம்பந்தரும் பாடியது அதற்கு அடுத்துவந்த இருட்டில். அந்த இருட்டில்லாவிட்டால் தமிழாசிரியனாகிய எனக்கு வேலையே இல்லை.

இவ்வளவு குறை கண்டபின்னும் இந்த நூலை நான் ஒதுக்காததற்குக் காரணம், அதில் இன்னோரிடத்தில் அவர் சொல்லும் வேறொரு செய்தி. மனித இதயத்தின் படிநிலைகளை விவரிக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பருப்பொருளே உண்மை என்று நம்பும் இருண்ட நிலையைக் கலி என்கிறார். மக்களிற் பெரும்பாலோர் அந்நிலையைத் தாண்ட மாட்டாது கிடக்கும் காலத்தைத்தான் கலியுகம் என அழைக்கிறோம் என்கிறார். காலம் மனத்தைக் கெடுக்கிறது என்பதல்ல, மனத்தின் பெயரே காலத்துக்கு ஏறியது என்பது இதன் கருத்து. பதஞ்சலியின் வழியும் அதுவே. ஐந்து கிலேசங்களில் முதலாவது அவித்தை, அறியாமை. யான் என்பது, விருப்பு, வெறுப்பு, உயிர்மேற் பற்று என்னும் மற்ற நான்குக்கும் விளைநிலம் அது. தீமைக்கு வெளியே ஓர் அரசன் யோகநூலில் இல்லை. நமது சைவசித்தாந்தம் ஆணவமலம் என்று சொல்வதும் உள்ளிருப்பதையே. இரண்டும் ஒன்றல்ல என்றாலும் இந்த இடத்தில் நெருங்கி நிற்கின்றன.

புகழேந்தியின் நளனுக்கு இப்போது திரும்பலாம். கலி அந்த அரசனைக் கெடுக்க வஞ்சினம் கூறியபின் உடனே உள்ளே புகுந்துவிடவில்லை. பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கிறான். கால் கழுவுகையில் ஒரு சிறு இடம் நனையாமல் விடுபட்ட அன்றுதான் அவனுக்கு வழி கிடைக்கிறது. காத்திருப்பவன் கலி, கதவைத் திறந்தது நளனுடைய கவனக்குறைவு. என் மாணவனின் கேள்விக்கு நான் சொன்ன விடை இந்தக் கதைதான். “ஒரு விரற்கடை இடத்துக்கு இவ்வளவு தண்டனையோ, சேர்?” என்று அவன் திருப்பிக் கேட்டான். அதுவும் நியாயமான கேள்வியே. நளனுக்கு நேர்ந்ததற்கு நளன் முழுப்பொறுப்பென்று நானும் சொல்லவில்லை. கலி பிடித்த காலத்திலும் அவன் தமயந்தியைக் காட்டில் விட்டுப்போனதை மட்டும் கலியின் கணக்கிலே எழுத என்னால் முடியவில்லை.

சோதிடத்திலும் சுவாமியின் நிலை சுவையானது. பிறந்த வேளையும் கிரகநிலையும் முன்வினையோடு பொருந்தியே அமைகின்றன என்று நம்பினார். அதேவேளை, அவை மாற்ற முடியாத தீர்ப்பு அல்ல என்றும் கற்பித்தார். சோதிடத்தில் நாட்டமில்லாத யோகானந்தருக்கு ஈரல் நோய் வரும் என்று முன்னரே சொல்லி, வெள்ளியும் ஈயமும் கலந்த காப்பு அணியச் செய்ததாகவும், ஆறு மாத வேதனை 24 நாளாகக் குறைந்ததாகவும் சுயசரிதம் கூறுகிறது. ஈரலில் நோயென்றால் வைத்தியரிடம் போவதே முறை என்பது என் கட்சி. அதே அத்தியாயத்தில், மூன்று திருமணம் நடக்கும் என்று எழுதிய தமது சாதகத்தை யோகானந்தர் தீயிலிட்டு, சாம்பலை ஒரு பையிற் போட்டுவைத்ததும் வருகிறது. அவர் மணம் செய்யாமலே துறவியானார். நமக்கு இது புதிதன்று. கோள்நிலை சரியில்லை, மதுரைக்குப் போகவேண்டாம் என்று அப்பர் தடுத்தபோது சம்பந்தர் கோளறு பதிகம் பாடிப் புறப்பட்டதைப் பெரியபுராணம் சொல்கிறது. செவ்வாய்க் குற்றம் என்று பிள்ளைகளின் கலியாணத்தை ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போடும் வீடுகளிலும் அப்பதிகம் மாலைதோறும் ஓதப்படுகிறது. பொருளையும் ஒருமுறை வாசித்துப் பார்த்தால் நல்லது.

இனி இரண்டாவது கேள்வி. சனி மீனத்துக்கு மாறியது எந்த நாள் என்று நேயர் கேட்கிறார். மேட ராசிக்காரர், ஏழரைச் சனி தொடங்கும் நாளை அறிய விரும்புகிறார். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. இடையே பதினொரு மாதத்துக்கு மேல். வானத்திலுள்ள சனி ஒன்றுதான். பழைய வாக்கியங்களின்படி ஒரு பஞ்சாங்கமும் திருத்திய கணிதத்தின்படி மற்றதும் எழுதப்படுவதால் வந்த வேற்றுமை இது. இரண்டில் எது சரி என்று தீர்க்கும் தகுதி தமிழ் வாத்தியாருக்கு இல்லை. வானத்தில் கிரகம் நிற்கும் இடத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம் என்று மட்டும் சொல்லலாம். எள்ளெண்ணெய் எரிப்பதற்கு உங்கள் ஊர்க் கோயில் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறதோ அதன்படி செய்யுங்கள். ஐயரிடம் கேட்டால் நாளைச் சொல்லுவார்.