சதுரங்கப் பலகையில் மனிதனும் கணினியும்

சுபாங் ஜெயாவில் ஒரு சனிக்கிழமை மாலை. எந்தத் தமிழர் வீட்டிலும் காணக்கூடிய காட்சிதான். பத்து வயதுப் பேரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கைப்பேசியில் சதுரங்கம் ஆடுகிறான். எதிரே ஆள் இல்லை. கணினி நிரல்தான் எதிராளி. மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றதும் முகம் சுருங்குகிறது. “கணினிய யாராலும் ஜெயிக்க முடியாது தாத்தா” என்கிறான். “அப்படின்னா நீ எதுக்குய்யா இத கத்துக்கிற?” என்று தாத்தா கேட்கிறார்.

சிரித்துவிட்டுக் கடந்து போகக்கூடிய கேள்வி அல்ல இது. மாதந்தோறும் பணம் கட்டிப் பிள்ளையைச் சதுரங்க வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் ஒவ்வொருவரும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. இதற்கு விடை சதுரங்கத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. அந்த வரலாற்றின் முக்கியமான பக்கங்களில் தமிழர் பெயர்களும் இருக்கின்றன.

பெட்டிக்குள் ஒளிந்த மனிதன்

தமிழ்நாட்டில் திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் திருப்பூவனூர். அங்கே கோயில் கொண்டிருக்கும் இறைவனின் பெயர் சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத அரசகுமாரியைச் சிவபெருமான் சித்தர் வேடத்தில் வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தலபுராணம். மனித அறிவை மிஞ்சிய ஓர் எதிராளி பலகைக்கு முன் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்ற கற்பனை தமிழருக்குப் புதிதல்ல.

ஐரோப்பாவில் அந்தக் கற்பனை இயந்திர வடிவில் வந்தது. 1770ஆம் ஆண்டில் வியன்னா அரண்மனையில் கெம்பலன் என்ற பொறியாளர் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தினார். துருக்கியர் உடையணிந்த அந்தப் பொம்மை தானாகவே காய்களை நகர்த்தி ஆடியது. மாவீரன் நெப்போலியனே 1809இல் அதனோடு ஆடித் தோற்றார். உண்மையில் அது ஒரு மோசடி. பெட்டிக்குள்ளே திறமையான ஆட்டக்காரர் ஒருவர் ஒளிந்திருந்தார். இயந்திரம் வெல்கிறது என்று உலகம் வியந்தபோது வென்றுகொண்டிருந்தவன் மனிதனே.

தாளில் ஓடிய நிரல்

உண்மையான போட்டி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே தொடங்கியது. இங்கிலாந்தின் கணித மேதை ஆலன் டூரிங் சதுரங்கம் ஆடுவதற்கு ஒரு நிரலை எழுதினார். அதை ஓட்டுவதற்கு ஏற்ற கணினி அப்போது இல்லை. 1952இல் அவரே கணினியின் வேலையைச் செய்தார். தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, நிரலின் விதிகளைப் பின்பற்றி ஒவ்வொரு நகர்த்தலையும் கணக்கிட்டார். ஒரு நகர்த்தலுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் பிடித்தது. கடைசியில் அந்தத் தாள் கணினி 29ஆம் நகர்த்தலில் தோற்றது.

அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் 1950இல் எழுதிய கட்டுரை, கணினி எப்படிச் சதுரங்கம் ஆட முடியும் என்று வழி காட்டியது. ராணிக்கு 9, கோட்டைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1 என்று மதிப்புக் கொடுக்க வேண்டும். பிறகு முன்னால் நடக்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, மதிப்பு கூடும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொல்வது எளிது. ஒரு நிலையில் சராசரியாக 30 நகர்த்தல்கள் இருக்கும். எதிராளிக்கும் அப்படியே 30. இருவரும் ஒருமுறை நகர்த்துவதற்குள் 900 வாய்ப்புகள். இரண்டு முறை நகர்த்தினால் எட்டு லட்சத்தைத் தாண்டும். இந்தப் பெருக்கத்தைச் சமாளிக்கும் வேகம் அன்றைய கணினிகளுக்கு இல்லை.

அந்தத் துணிச்சலில்தான் டேவிட் லெவி என்ற ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் 1968இல் பந்தயம் கட்டினார். பத்து ஆண்டுகளுக்குள் எந்தக் கணினியும் தம்மை வெல்லாது என்றார். 1978இல் நடந்த ஆட்டத்தில் 3.5-1.5 என்று வென்று பந்தயப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1988இல் டீப் தாட் என்ற கணினி, டென்மார்க்கின் கிராண்ட்மாஸ்டர் லார்சனை வென்றது. மறு ஆண்டு அதே கணினியை உலக வெற்றியாளர் காஸ்பரோவ் 2-0 என்று எளிதாக மடக்கினார். 1990 மார்ச்சில் உலகப் பட்டத்துக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் இறுதிச் சுற்று கோலாலம்பூரிலேயே நடந்தது. கார்ப்போவ், நெதர்லாந்தின் டிம்மனைத் தோற்கடித்தார். உலகப் பட்டத்தைக் கணினியிடம் இழக்கும் பயம் அன்று யாருக்கும் பெரிதாக இல்லை.

மயிலாடுதுறைப் பிள்ளையும் கணினியும்

1969இல் மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் விஸ்வநாதன் ஆனந்த். தாயார் சுசீலாவிடம் ஆட்டம் பழகியவர். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பழைய ஆட்டங்களைக் கணினியில் சேமித்து வைத்து ஆராய்ந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர்.

1994 ஆகஸ்டில் லண்டனில் விரைவுச் சதுரங்கப் போட்டி ஒன்று நடந்தது. செஸ் ஜீனியஸ் என்ற நிரலும் மனிதர்களோடு சேர்ந்து களத்தில் இறங்கியது. முதல் சுற்றிலேயே காஸ்பரோவை வெளியேற்றியது. உலகப் பத்திரிகைகள் அலறின. அடுத்த சுற்றில் இன்னொரு கிராண்ட்மாஸ்டரும் வீழ்ந்தார். அரையிறுதியில் அதன் எதிரே உட்கார்ந்தவர் ஆனந்த். 2-0 என்று அதை நிறுத்தினார். காஸ்பரோவால் முடியாததைத் தமிழர் ஒருவர் செய்து காட்டினார்.

அந்த வெற்றி நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1997 மே 11 அன்று நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினியிடம் காஸ்பரோவ் 3.5-2.5 என்று தோற்றார். நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசிய கணினி அது. கடைசி ஆட்டம் 19 நகர்த்தல்களில் முடிந்தது. டீப் புளூவாவது கோடிக்கணக்கில் செலவிட்டுச் செய்த ராட்சதக் கணினி. மறு ஆண்டு இத்தாலியின் இஸ்கியா தீவில் ஆனந்துக்கு எதிரே வைக்கப்பட்டதோ கடையில் வாங்கக்கூடிய மேசைக் கணினி. அதில் ஓடியது ரெபெல் 10 என்ற நிரல். எட்டு ஆட்டங்கள். முடிவு 5-3. வென்றது ரெபெல்.

அந்த எண்களைப் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். ஐந்து நிமிட ஆட்டங்களில் ரெபெல் 3-1. பதினைந்து நிமிட ஆட்டங்களில் 1.5-0.5. ஆனால் நேரம் எடுத்து யோசிக்க முடிந்த இரண்டு நீண்ட ஆட்டங்களில் ஆனந்துக்கே 1.5-0.5. அவசரத்தில் கணினி கை ஓங்கியது. நிதானத்தில் மனிதன் தாக்குப்பிடித்தான். அந்த இடைவெளியும் சில ஆண்டுகளில் மூடிக்கொண்டது. 2006இல் பான் நகரில் உலக வெற்றியாளர் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் நிரலிடம் 4-2 என்று தோற்றார். ஒரே நகர்த்தலில் வரவிருந்த முற்றுகையை அவர் கவனிக்கத் தவறியது இன்றும் பேசப்படுகிறது. பத்தாண்டு கழித்து 2016இல் சோல் நகரில் கோ விளையாட்டின் ஜாம்பவான் லீ செடோலும் ஆல்ஃபாகோவிடம் 4-1 என்று வீழ்ந்தார்.

தோற்ற பிறகு என்ன செய்தார்கள்?

யார் பெரியவர் என்ற வழக்கு அத்தோடு முடிந்தது. அதன் பிறகு மனிதர்கள் இரண்டு வழிகளில் பிரிந்தார்கள்.

சிலர் கணினியை ஒளித்து வைத்துக்கொண்டார்கள். 2006இல் டெல்லியில் நடந்த ஒரு போட்டியில், தொப்பிக்குள் புளூடூத் கருவியை வைத்துக்கொண்டு ஆடியவர் பிடிபட்டார். பத்து ஆண்டு தடை விதிக்கப்பட்டது. கெம்பலனின் பெட்டியில் இயந்திரத்துக்குள் மனிதன் ஒளிந்திருந்தான். இப்போது மனிதனின் தொப்பிக்குள் இயந்திரம் ஒளிந்திருந்தது. மோசடி ஒன்றுதான்.

வேறு சிலர் கணினியைப் பயிற்சித் துணையாக ஆக்கிக்கொண்டார்கள். ரெபெலிடம் தோற்ற மறு ஆண்டே, 1999இல், ஸ்பெயினின் லியோன் நகரில் ஆனந்த் ஒரு புதுவகைப் போட்டியில் ஆடினார். இரு ஆட்டக்காரர்களும் வெளிப்படையாகவே கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடலாம் என்பது விதி. கார்ப்போவை அவர் 5-1 என்று வென்றார். இருவரிடமும் கணினி இருந்தது. கணினி காட்டியதில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று தெரிந்தவர் வென்றார். 2000இல் உலகப் பட்டமும் அவர் கைக்கு வந்தது. 2007 முதல் 2013 வரை மீண்டும் அவரே உலக வெற்றியாளர்.

அடுத்த பாடம் குகேஷ். 2006இல் சென்னையில் பிறந்தவர். அவர் பிறந்த காலத்திலேயே கணினி மனிதனை மிஞ்சிவிட்டது. ஆனாலும் அவருடைய பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, குகேஷின் தரப்புள்ளி 2500ஐத் தாண்டும் வரை கணினி நிரலைத் தள்ளியே வைத்திருந்தார். கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை பையன் தன் மூளையால் கணக்குப் போட்டுத் தவறு செய்து திருந்த வேண்டும் என்பது அவர் முடிவு. கணினி அதற்குப் பிறகே வந்தது.

2024 டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் அந்த முடிவுக்குப் பலன் கிடைத்தது. உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். இருவரும் சமப் புள்ளியில் இருந்தார்கள். பலகையில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஆனால் ஆட்டம் சமநிலையில்தான் முடியும் என்று கணினிகள் காட்டின. குகேஷ் விடவில்லை. எதிரே இருப்பவர் மனிதர், களைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். 55ஆம் நகர்த்தலில் சீனாவின் டிங் லிரென் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆட்டம் முடிந்தது. 18 வயதில் குகேஷ் உலக வெற்றியாளர்.

தாத்தாவின் கேள்விக்கு விடை இதுதான். கணினியை வெல்வதற்காக யாரும் இன்று சதுரங்கம் கற்பதில்லை. மோட்டார் சைக்கிள் வந்த பிறகும் பிள்ளைகள் பள்ளித் திடலில் ஓடத்தான் செய்கிறார்கள். ஓட்டம் கால்களுக்கு, சதுரங்கம் மனத்துக்கு. தோல்வியைத் தாங்கிக்கொள்ளவும், மீண்டும் காய்களை அடுக்கவும், முடிந்தது என்று எல்லாரும் சொல்லும் இடத்தில் இன்னும் கொஞ்சம் யோசிக்கவும் பலகை கற்றுக்கொடுக்கிறது.

ஆனால் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் இதில் உண்டு. விடையைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை யோசிக்கக் கற்றுக்கொள்ளாது. முதலில் பலகை, பிறகு கணினி என்ற வரிசை சதுரங்கத்துக்கு மட்டுமல்ல, பள்ளிப் பாடத்துக்கும் பொருந்தும். தாத்தாவுக்குச் சதுரங்கம் தெரியாவிட்டால் பேரனே கற்றுக்கொடுக்கட்டும். வார இறுதியில் கைப்பேசியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, இருவரும் எதிரெதிரே உட்காரட்டும்.