நெல்லிக்குப்பம் கரும்பும் கணக்கில் வராத 40 குரோமோசோமும்

நெல்லிக்குப்பம் என்றதும் கடலூர் பக்கத்து ஆட்களுக்கு நினைவுக்கு வருவது சர்க்கரை ஆலைதான். 1842-ல் ஆரம்பித்தது, இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்று பாரி நிறுவனம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். நெய்வேலிக்கு நிலக்கரி மாதிரி இந்த ஊருக்குக் கரும்பு. சீசன் வந்தால் ரோட்டில் கரும்பு டிராக்டர்களைத் தாண்டிப் போவதே பெரிய பாடு!

அந்தக் கரும்புக்குள் ஒரு கணக்கு டேலி ஆகாத கதை இருக்கிறது.

1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. பார்பரும் அவருக்குப் பின் பொறுப்பேற்ற டி.எஸ்.வெங்கட்ராமனும் செய்த வேலை துணிச்சலானது. சாறு நிறைந்த 'வெள்ளை' என்ற நாட்டுக் கரும்பைத் தாயாகவும், சர்க்கரை மிகக் குறைவான காட்டு நாணலைத் தகப்பனாகவும் வைத்துக் கலந்தார்கள். பிறந்தது கோ 205. ('கோ' என்றால் வேறொன்றுமில்லை, கோயம்புத்தூர்!) 1918-ல் வெளியிட்டார்கள்.

பிற்பாடு குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தபோதுதான் வேடிக்கை. தாய்க்கு 80, தகப்பனுக்கு 64. ஆளுக்குப் பாதி கொடுத்தால் பிள்ளைக்கு 40+32=72 வர வேண்டும். ஆனால் கோ 205-ல் இருந்தது 112. தகப்பன் நியாயமாகப் பாதி கொடுத்திருக்க, தாய் மட்டும் முழு 80-ஐயும் கொடுத்துவிட்டது. இதே மாதிரி கலப்புகளில் இப்படி நடப்பதை 1920-களிலேயே ஜாவாவில் பிரெமர் என்ற விஞ்ஞானி கவனித்திருந்தார்.

தாய் ஏன் பாதியாக்கவில்லை? இதற்கு செல் எப்படிப் பிரிகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது, இரு முனைகளிலும் சென்ட்ரோசோம் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். 1880-களில் அதற்குப் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் போவேரி. அங்கிருந்து நூலிழைகள் கிளம்பி குரோமோசோம்களைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். கரும்புக்கோ (பூக்கும் செடி எதற்குமே) சென்ட்ரோசோம் கிடையாது! இருந்தும் இழைகள் உருவாகின்றன, பிரிவு நடக்கிறது. ஆபீஸ் இல்லாமலே வியாபாரம் நடத்துகிற மாதிரி.

இரண்டுக்கும் பொதுவானது, எப்போது பிரிய வேண்டும் என்று உத்தரவு போடும் புரதங்கள். அதில் முக்கியமானது சைக்ளின். அது சேர்ந்தால் பிரிவு ஆரம்பம், சிதைந்தால் முடிவு. இதையும் இதைச் சார்ந்த புரதங்களையும் கண்டுபிடித்ததற்காக 2001-ல் ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முட்டை செல் உருவாக இரண்டு முறை பிரிய வேண்டும். முதல் பிரிவு முடிந்ததும் சைக்ளின் முழுவதும் அழிந்துவிட்டால் இரண்டாவது நடக்காது. அப்படி அழியவிடாமல் காக்கும் ஒரு புரதத்தை 2009-ல் கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றில் கண்டார்கள். அந்தப் புரதம் இல்லாவிட்டால் செடி பாதியாக்காத முட்டைகளையே தருகிறது. 'வெள்ளை' செய்ததும் இந்த ரகக் காரியமாக இருக்கலாம்.

கோயம்புத்தூரில் இந்தக் குரோமோசோம்களை எண்ணியவர்களில் முக்கியமானவர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கி 1934-ல் இங்கே வந்தவர். நம் நாட்டு நாணல் வகைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார். பெண் என்பதாலும் சாதியாலும் அங்கே அவர் ஒதுக்கப்பட்டதாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வெங்கட்ராமனுக்கு 'சர்' பட்டம் வந்தது. நாணலை எண்ணியவருக்கு 1977-ல், தள்ளாத வயதில், பத்மஸ்ரீ. இந்த ஐந்தொகையும் டேலி ஆகவில்லை!

1939-ல் எடின்பரோ மாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1945-ல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்டவணையைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். பிறகு விஸ்லி தோட்டத்தில் மக்னோலியாக் கன்றுகளுக்குக் கோல்ச்சிசின் மருந்து வைத்தார். அது அந்த இழைகளைக் கட்டவே விடாது. இழுக்க ஆளில்லாமல் குரோமோசோம்கள் ஒரே செல்லில் இரட்டிப்பாகித் தங்கிவிடும். 'வெள்ளை' தானாகச் செய்ததை இவர் மருந்து வைத்துச் செய்தார் என்று சொல்லலாம். அந்தக் கோல்ச்சிசின் நம் செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது.

1951-ல் நேரு அழைத்துத் திரும்பி வந்தார். கடைசிக் காலத்தில் சென்னையை ஒட்டிய மதுரவாயலில், பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் ஆய்வுத் தோட்டத்தில் வேலை செய்தார். 1984-ல் காலமானார்.