பொறிவண்டு

பொறிவண்டு என்பது வண்டுகள் வரிசையில் காக்சினெல்லிடே குடும்பத்தைச் சேர்ந்த, அரைக்கோள வடிவச் சிறு பூச்சி. ஏறத்தாழ 6,000 இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை 10 மி.மீ.க்கு உட்பட்ட நீளமுடையவை.

கடினமான முன்னிறகுகள் சிவப்பு, மஞ்சள் நிறங்களில் கரும்புள்ளிகளுடன் அமைந்து, பறக்க உதவும் மெல்லிய பின்னிறகுகளை மூடிக் காக்கின்றன. தொட்டால் கால்களை உள்ளிழுத்து, மூட்டுகளில் கசப்பான மஞ்சள் நீரைக் கசியவிடும். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என நான்கு பருவங்கள் உண்டு.

பல இனங்களின் புழுக்களும் வண்டுகளும் அசுவினி, செதில்பூச்சி, மாவுப்பூச்சி ஆகியவற்றை உண்டு பயிரைக் காக்கின்றன. 1888இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ரோடோலியா கார்டினாலிஸ் எலுமிச்சை வகைத் தோட்டங்களைச் செதில்பூச்சியிடமிருந்து மீட்டது. உயிரியல் பூச்சிக் கட்டுப்பாட்டின் முன்னோடி வெற்றியாக இது கருதப்படுகிறது. மாறாக, 28 புள்ளி கொண்ட எபிலாக்னா வண்டு கத்தரி இலையின் பச்சையத்தைச் சுரண்டி நரம்புகளை மட்டும் விட்டுவைக்கும் பயிர்ப்பகை.