'மே' என்னும் துணைவினையும் 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிகள் சட்டமும்

ஆங்கிலத் துணைவினைகளுள் 'மே' என்பது மிக எளிய ஒன்றாகப் பள்ளி இலக்கணங்களில் காட்டப்பெறுகிறது. 'லாம்' என்று தமிழ்ப்படுத்திவிட்டு ஆசிரியர் அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுவார். ஆனால் இவ்வோரசைச் சொல்லின் பொருள் யாது என்ற வினா 1963இல் இந்திய நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் எழுந்தது. அங்குத் தீராத அவ்வினா 1965இல் தெருவுக்கு வந்தது. 1967 டிசம்பரில் நிறைவேறிய திருத்தச் சட்டத்திற்கும் அதுவே காரணமாயிற்று. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இவ்வரலாறு பயன்தருவது. எனினும் இது பெரும்பாலும் அரசியல் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சொல்லை மையமாக வைத்து அதனை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

சொல்லின் பிறப்பு

மாதப் பெயராகிய 'மே' இலத்தீனிலிருந்து வந்தது. அதற்கும் இத்துணைவினைக்கும் உறவில்லை. துணைவினையாகிய 'மே' செருமானியக் குடும்பத்துச் சொல். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் 'வலிமை உடைத்தாதல்' என்பது. வலிமையைக் குறிக்கும் 'மைட்' என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல் இதே வேரினின்று கிளைத்தது. வலிமை உடையவன் செய்ய இயலும். ஆகவே 'இயலுதல்' என்ற பொருள் தோன்றிற்று. தடையின்றி இயலுவது இசைவு பெற்றதாகக் கருதப்படும்; ஆகவே 'இசைவு' என்ற பொருள் தோன்றிற்று. இயலுவது நிகழவும் கூடும்; ஆகவே 'நிகழக்கூடுமை' என்ற பொருளும் சேர்ந்தது. இயலுதற் பொருளைப் பின்னர்க் 'கேன்' என்ற துணைவினை பெரிதும் கைப்பற்றிக்கொள்ள, 'மே' இசைவுக்கும் நிகழக்கூடுமைக்கும் உரியதாக எஞ்சியது.

இதன் உடன்பிறப்புகளின் கதையும் நோக்கத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் இசைவைக் குறிக்க வழங்கிய வினை வேறு. அதன் இறந்தகால வடிவமே இன்று கட்டாயத்தைக் குறிக்கும் 'மஸ்ட்' ஆகும். இசைவுச் சொல் கட்டாயச் சொல்லாக மாறியதற்கு இதனினும் தெளிவான சான்று ஆங்கிலத்தில் அரிது. 'ஷல்' என்பதன் மூலப்பொருளோ 'கடன்பட்டிருத்தல்'. தமிழிலும் கடன் என்ற சொல் கொடுக்கவேண்டிய பொருளையும் செய்யவேண்டிய கடமையையும் ஒருசேரக் குறித்தல் நாமறிந்ததே. உறவற்ற இரு மொழிகள் ஒரே வழியில் சென்றுள்ளன.

சட்டத்தில் 'மே'

வழக்கு ஆங்கிலத்தில் ஓர் அதிகாரி தமக்குக் கீழ்ப்பட்டவரை நோக்கி 'மே' என்று கூறினால் அது பல வேளைகளில் கட்டளையே. நம் அலுவலகங்களில் 'நீங்கள் போகலாம்' என்பதும் அத்தகையதே. கேட்டவர் எழுந்து செல்வாரேயன்றி, இசைவுதானே தந்தார் என்று எண்ணி அமர்ந்திருக்கமாட்டார். சட்ட நடையிலும் இம்மரியாதை வழக்கு உண்டு. குடியரசுத் தலைவரையோ ஆளுநரையோ சட்டம் 'செய்க' என்று ஏவுவதில்லை. 'செய்யலாம்' என்று அதிகாரம் தருவதாகவே சொல்லும். அவ்வதிகாரம் எப்போது கடமையாகும் என்பதே நீதிமன்றங்களின் முன் மீண்டும் மீண்டும் வந்த வினா.

அதிகாரம் தரும் சொற்கள் தம்மளவில் அதிகாரத்தையே தரும், ஆயினும் சூழல் அவ்வதிகாரத்தோடு கடமையைப் பிணைக்கக்கூடும் என்பது 1880இல் ஆக்சுபோர்டு ஆயர் வழக்கில் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை வகுத்த நெறி. நம் உச்ச நீதிமன்றம் இருதிசையிலும் சென்றுள்ளது. அரசுப் பணியாளர்மீது நடவடிக்கை எடுக்குமுன் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிப்பது பற்றி அரசமைப்பின் 320ஆம் உறுப்பு 'ஷல்' என்றே கூறுகிறது. எனினும் அது கட்டாயமன்று, நெறிகாட்டுவதே என 1957இல் மன்போதன் லால் வழக்கில் தீர்ப்பாயிற்று. உத்தரப் பிரதேச விதியொன்று, பதிவிதழ் அலுவலர் வேண்டினால் ஆளுநர் அவர் வழக்கைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்புவது பற்றி 'மே' என்றது. அங்கு 'மே' என்பது 'ஷல்' என்றே பொருள்படும் என 1963இல் சோகேந்திர சிங் வழக்கில் தீர்ப்பாயிற்று. சொல்லை மட்டும் பார்த்துப் பொருளை முடிவுசெய்யலாகாது என்ற அந்நெறி, ஆட்சிமொழி மசோதா விவாதிக்கப்பட்ட அதே ஆண்டில் வலியுறுத்தப்பட்டது என்பது ஒரு சுவையான உடனிகழ்வு.

மசோதாவும் விவாதமும்

அரசமைப்பின் 343ஆம் உறுப்பு மூன்று கூறுகளை உடையது. ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்திலான இந்தி என்பது முதற்கூறு. 1950 சனவரி 26 முதல் 15 ஆண்டுகள் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படும் என்பது இரண்டாவது. இதில் உள்ள சொல் 'ஷல்'. அதன்பின் ஆங்கிலப் பயன்பாட்டுக்கு நாடாளுமன்றம் சட்டத்தால் வகைசெய்வது பற்றியது மூன்றாவது. இதில் உள்ள சொல் 'மே'.

இந்தி பேசாத மக்கள்மீது இந்தி திணிக்கப்படாது என்றும், அவர்கள் வேண்டும் வரை ஆங்கிலம் இணைமொழியாக இருக்கும் என்றும் 1959 ஆகஸ்டில் பிரதமர் நேரு மக்களவையில் உறுதியளித்தார். அவ்வுறுதிக்குச் சட்ட வடிவம் தருவதாகவே 1963 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாத்திரி மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் மூன்றாம் பிரிவு, 15 ஆண்டுக்காலம் முடிந்த பின்னும் இந்தியோடு கூடுதலாக ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுவது பற்றியது. தொடர்ந்து பயன்படுதல் என்ற தொடர் அரசமைப்பிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. துணைவினை மட்டும் மாறியிருந்தது: 'ஷல்' இருந்த இடத்தில் 'மே'.

வரைவாளர் பக்கம் ஒரு நியாயம் இல்லாமலில்லை. 'ஷல்' என்று எழுதியிருந்தால், இந்தியில் மட்டும் நடைபெறக்கூடிய கடிதப் போக்குவரத்திலும் ஆங்கிலம் கட்டாயம் என்று வாதிட இடம் ஏற்பட்டிருக்கும். ஆயினும் முந்தைய வாசகத்தை அருகே வைத்துப் படிப்பவருக்கு மாற்றம் தற்செயலாகத் தோன்றாது. ஒரே தொடரில் ஒரு சொல் மாறினால் பொருளும் மாறிற்று என்று கொள்வது உரையாசிரியர் மரபு. சட்ட உரையாசிரியர்க்கும் அதுவே மரபு.

'மே' என்பது 'மே நாட்' என்பதையும் தன்னுள் கொண்டுள்ளது என்று எதிர்ப்பாளர் கூறினர். இங்கு 'மே' என்றால் 'ஷல்' என்றே பொருள் என்று நேரு விளக்கினார். அவ்வாறாயின் 'ஷல்' என்றே எழுதினால் என்ன என்று திராவிட முன்னேற்றக் கழகத்தார் கேட்டனர். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணா, அப்போதிருந்த நிலையே நீடிக்கவேண்டும் என்று வாதாடினார். மசோதா மாறாமலே நிறைவேறி, மே 10ஆம் நாள் சட்டமாயிற்று.

நேருவின் விடையைப் பாசாங்கு என்று தள்ளுவது பொருந்தாது என்பது என் கருத்து. அதிகாரத்தில் இருப்பவர் வாயில் இச்சொல் உறுதிமொழியாகவும் ஒலிக்கவல்லது. குறை வேறிடத்தில் உள்ளது. பேசுவோன் கருதும் பொருள் ஒன்று, எழுதப்பட்ட வாக்கியம் தரும் பொருள் ஒன்று. அவையில் உறுப்பினர் பேசியதைக் கொண்டு சட்டத்திற்குப் பொருள் காண்பதை அக்கால நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கவில்லை. ஆகவே விளக்கம் அவர் சொல்லின் மதிப்பை மட்டுமே நம்பி நின்றது. 1964 மே 27இல் அவர் மறைந்தார். விளக்கியவர் போனபின் வாக்கியமே எஞ்சியது. 1965 சனவரி 26 நெருங்கியபோது சென்னை மாநிலத்தில் மாணவர் போராட்டம் வெடித்தது. உயிர்கள் பல போயின. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். அப்போது பிரதமராக இருந்த சாத்திரி 1965 பிப்ரவரியில் வானொலியில் நேருவின் உறுதிமொழியை மீண்டும் எடுத்துரைக்க நேர்ந்தது.

இந்தியிலும் தமிழிலும்

இப்பூசலை ஆங்கிலத்தினுள்ளேயே வைத்துப் பார்த்தால் அதன் முழுவடிவம் புலப்படாது. இந்திச் சட்ட நடையில் 'ஷல்' என்பதற்குத் தனிச்சொல் இல்லை. எதிர்கால விகுதியே அப்பணியைச் செய்யும். 343ஆம் உறுப்பின் முதற்கூறு இந்தியில் 'ஹோகீ' என்று முடிகிறது. 'மே' என்பதற்குச் 'சக்னா' என்ற வினையின் எதிர்காலம் வரும். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு 'சகேகீ' என்று முடிகிறது. 'சக்னா' வடமொழிச் 'சக்' என்னும் அடியிலிருந்து வந்தது. சக்தி என்ற சொல் பிறந்த இடமும் அதுவே. வலிமையிலிருந்து இயலுதலுக்கும் அதிலிருந்து இசைவுக்கும் ஆங்கிலம் நடந்த அதே பாதையில் இந்தியும் நடந்திருக்கிறது. ஆனால் 'சகேகீ' என்பதைச் சூழலால் கட்டாயமாகப் படிப்பது 'மே' என்பதை அவ்வாறு படிப்பதினும் கடினம். குடியரசுத் தலைவரின் ஆணையால் வெளியிடப்படும் இந்தி மொழிபெயர்ப்பு இந்தியில் அதிகாரமுடைய பாடம் என்று இதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவு கூறுவதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

தமிழில் 'லாம்' என்பது 'வரல்' முதலிய தொழிற்பெயரோடு 'ஆம்' சேர்ந்து பிறந்தது. 'மழை வரலாம்' என்பதில் நிகழக்கூடுமை. 'உள்ளே வரலாம்' என்பதில் இசைவு. 'போகலாம் வா' என்பதில் உடன்படுத்தும் அழைப்பு. முதலிரண்டும் 'மே' என்பதோடு ஒத்துச்செல்ல, மூன்றாவது ஆங்கிலத்தில் இல்லை. எதிர்மறையில்தான் இரு மொழிகளும் அடியோடு பிரிகின்றன. 'மே நாட்' என்ற ஒரே வடிவம் விலக்கையும் குறிக்கும், நிகழாதிருக்கக்கூடுமையையும் குறிக்கும். தமிழ் இவற்றைக் கலப்பதில்லை: 'பயன்படுத்தக் கூடாது' என்பது ஒன்று, 'பயன்படுத்தாமலும் இருக்கலாம்' என்பது மற்றொன்று. 1963இல் அஞ்சப்பட்டது பின்னது. ஆங்கிலத்தில் மேற்கோள் காட்டி வாதிடவேண்டியிருந்த ஐயம், தமிழில் சொன்ன மாத்திரத்தில் எவர்க்கும் விளங்கியது. அது மேடைதோறும் எளிதில் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதலாம்.

'கூடும்' என்பதன் போக்கு இன்னும் விந்தையானது. 'வரக்கூடும்' என்றால் நிகழக்கூடுமை; அதன் எதிர்மறையாகிய 'வரக்கூடாது' என்பதோ தடை. 'வேண்டும்' கட்டாயம், 'வேண்டாம்' தடையன்று, தேவையின்மை அல்லது மறுப்பு. ஆகவே 'ஷல்' என்பதற்கு 'வேண்டும்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் 'ஷல் நாட்' என்பதற்குக் 'கூடாது' என்றோ 'ஆகாது' என்றோ வேறு வினைக்குத் தாவவேண்டியவராகிறார். இந்தியைப் போல எதிர்காலத்தால் ஒப்பேற்றவும் இயலாது; 'பயன்படுத்தப்படும்' என்பது வழக்கத்தையும் குறிப்பதால் ஆணையின் வலு அதில் மங்கும்.

திருத்தத்திற்குப் பின்

1967 டிசம்பரில் நிறைவேறி 1968 சனவரியில் ஒப்புதல் பெற்ற திருத்தம் 'மே' என்பதை நீக்கி 'ஷல்' என்று வைத்தது என்று பலர் எழுதிவருகின்றனர். சட்டத்தைப் புரட்டினால் அவ்வாறில்லை. மூன்றாம் பிரிவின் முதல் உட்பிரிவில் 'மே' இன்றும் இருக்கிறது. திருத்தம் அதனைச் சுற்றி 'ஷல்'களை நிறுத்தியது. இந்தியை ஏற்காத மாநிலத்தோடு ஒன்றியம் நடத்தும் தொடர்புக்கு ஆங்கிலமே பயன்படவேண்டும். ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள், ஒப்பந்தங்கள் முதலியன இரு மொழியிலும் இருக்கவேண்டும். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் இயற்றி, அவற்றை ஆராய்ந்தபின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானம் இயற்றும் வரை இந்நிலை நீடிக்கவேண்டும். இவ்வாறு 'மே' என்பதன் எதிர்மறைப் பக்கம் அடைக்கப்பட்டது. நேரு சொன்ன பொருளை, சொல்லை மாற்றாமலே, சூழலால் சட்டம் பெற்றது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதனால் எழும் சிக்கல் நடைமுறையானது. 1973ஆம் ஆண்டு மத்தியச் சட்டங்கள் அதிகார மொழிபெயர்ப்புச் சட்டத்தின்படி வெளியாகும் தமிழ்ப்பாடம் தமிழில் அதிகாரமுடைய பாடம். அவ்வுட்பிரிவைத் தமிழாக்குபவர் 'தொடர்ந்து பயன்படுத்தப்படலாம்' என்று எழுதினால் 1963ஆம் ஆண்டின் ஐயத்தையே மீண்டும் எழுதுகிறார். 'பயன்படுத்தப்பட்டு வருதல் வேண்டும்' என்று எழுதினால் மூலத்தில் இல்லாத கட்டாயத்தைச் சேர்க்கிறார். முன்னதே சரி என்பது என் துணிபு. ஐயத்தை நீக்கும் வேலை அடுத்துவரும் உட்பிரிவுகளுடையது. அவற்றில் 'வேண்டும்' தவறாது வருமாறு காப்பதே மொழிபெயர்ப்பாளர் பணி.