முழுகாமல் இருப்பவள்

‘மருமக முழுகாம இருக்கா’ என்றால், அவள் குளித்தாளா என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. எத்தனையாவது மாசம் என்றுதான் கேட்பார்கள். முழுகுதல், மூழ்குதலின் உடன்பிறப்பு. ஆற்றிலோ குளத்திலோ தலையோடு முங்கி எழுவது. வீட்டுக்குத் தூரமாக இருந்தவள் விலக்கு முடிந்ததும் தலைமுழுகுவாள். ஒரு மாதம் அந்த முழுக்கு வராமல் போனால் கரு. மலையாளத்துக் ‘குளி தெற்றி’யும் இதே கணக்குதான். பூப்பை அடுத்த பன்னிரண்டு நாளும் கணவன் பிரிந்திருப்பது அறமல்ல என்று தொல்காப்பியக் கற்பியல் சொல்வதும் விலக்கிலிருந்து நாள் எண்ணித்தான்.

பிள்ளை பெற்றவளிடம் வந்ததும் இந்த எண்ணிக்கை தடுமாறுகிறது. பால் கொடுப்பவள் பல மாதம் முழுகாமலே இருப்பாள். வயிற்றில் ஒன்றும் இராது. குழந்தை சப்பச் சப்ப, மூளை சூலகத்துக்கு அனுப்பும் தூண்டுதல் மட்டுப்படுகிறது, முட்டை முதிர்வதில்லை. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய ஆய்வாளர்கள் இதைக் கருத்தடையாக நம்புவதற்கு மூன்று நிபந்தனை வகுத்தார்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது. இரவும் பகலும் ஏறக்குறைய தாய்ப்பாலே உணவாக இருக்க வேண்டும். விலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் 98 சதவீதப் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் அந்த உறுதி போச்சு. பாலே கொடுக்காதவளுக்கு நாலு வாரத்திலேயே முட்டை வெளிவந்துவிடலாம்.

‘இன்னும் தலைக்கு ஊத்திக்கலையே, என்ன பயம்?’ என்று பெரியவர்கள் தரும் தைரியம் இங்கேதான் வழுக்குகிறது. முட்டை முன்னால் வரும். விலக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. அந்த முதல் முட்டையே கருவாகிவிட்டால் இடையில் முழுக்கு என்பதே கிடையாது. போன மாதம் அவள் முழுகாததற்குக் காரணம் பால். இந்த மாதம் கரு. சொல்லுக்கு வித்தியாசம் தெரியாது. அவளுக்கும்தான், மசக்கை வரும்வரை.

கர்ப்பம் பதியப் போனால் கிராம சுகாதாரச் செவிலியர் கேட்பார்: “கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்தின?” அவள் சொல்லும் தேதி மடியில் இருக்கும் பிள்ளை உண்டாவதற்கும் முந்தையது. அதை அப்படியே எழுதினால் ஒன்றரை வருஷக் கர்ப்பமாகிவிடும். ஆகவே ஸ்கேன் எடுத்து, கருவைத் தலையிலிருந்து பிட்டம்வரை அளந்து நாள் குறிக்கிறார்கள்.